சிஇஓ பங்கை வித்துட்டாராம்: சிப் மெஷின் கம்பெனிகள்ல ஃபார்ம் 4ஐ எப்படி படிக்கிறது

சிப் தயாரிக்கிற மெஷின் செய்யற அமெரிக்க கம்பெனி ஏதாவது ஒண்ணை நீங்க தொடர்ந்து பார்த்துட்டு வந்தா இந்த மாதிரி செய்தி அடிக்கடி கண்ணுல படும். "சிஇஓ இத்தனை ஆயிரம் பங்கு வித்தார், மதிப்பு இத்தனை லட்சம் டாலர்". அவ்ளோதான் இருக்கும். எதுக்கு வித்தார், ஏன் இப்போ, அவர் கையில இன்னும் எவ்ளோ மீதி இருக்கு, ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க. படிக்கிறவங்களுக்கு வயித்துல புளியைக் கரைக்கும், உள்ள இருக்கறவரே விக்கிறார்னா என்னமோ நடக்கப் போகுதுன்னு தன் பங்கையும் தூக்கிப் போட்டுட்டு ஓடுவாங்க. இந்த விவரம் எல்லாம் ஃபார்ம் 4னு ஒரு படிவத்துல இருந்துதான் வருது, அதிகாரிங்க தன் கம்பெனிப் பங்கை வாங்கினா வித்தா எழுதிக் கொடுக்கறது. நான் இந்தத் துறை கம்பெனிகளோட ஃபார்ம் 4 படிவங்களை ரொம்ப நாளா படிச்சுட்டு வர்றேன், அதுல எனக்குப் புரிஞ்ச ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன்: மெஷின் கம்பெனியைப் பொறுத்தவரைக்கும் பெரிய ரகசியம் இருக்கற இடம் வேற, ஃபார்ம் 4 காட்டுற இடம் வேற. ரெண்டையும் ஒண்ணா நினைச்சுக்கறதாலதான் இவ்ளோ குழப்பம்.

முதல்ல வார்த்தையிலயே ஒரு சிக்கல் இருக்கு. இன்சைடர் டிரேடிங்னு சொன்னாலே குத்தம்னு நினைக்கிறோம். ஆனா கம்பெனி அதிகாரி தன் கம்பெனி பங்கை வாங்கறதும் விக்கறதும் அமெரிக்காவுல சட்டப்படி சரியான விஷயம்தான், ஒழுங்கா சொல்லிட்டு செய்யணும், வெளிய தெரியாத முக்கியமான தகவலை வெச்சுட்டு செய்யக் கூடாது, அவ்ளோதான். 1934ம் வருஷத்து பங்குச் சந்தை சட்டத்தோட 16வது பிரிவுல இதுக்கான ஏற்பாடு இருக்கு. அதிகாரிகள், இயக்குநர்கள், பத்து சதவீதத்துக்கு மேல பங்கு வெச்சிருக்கவங்க, இந்த மூணு வகை ஆளுங்களும் தங்களோட வாங்கல் விற்றலை எஸ்இசின்னு சொல்ற பங்குச் சந்தை ஆணையத்துக்கு எழுதிக் கொடுக்கணும், அந்தப் படிவம்தான் ஃபார்ம் 4. யார் வேணா இலவசமா எடுத்துப் படிக்கலாம். குத்தமா இருக்கற இன்னொரு வகை இருக்கே, அதை யாரும் படிவம் எழுதிக் கொடுத்துட்டு செய்யறதில்ல.

சரி, மெஷின் கம்பெனிகிட்ட அப்படி என்ன ரகசியம் இருக்கும்? இதுக்கு அந்த வேலை என்னன்னு கொஞ்சம் பார்க்கணும். சிப் செய்யற ஃபேக்டரியை ஃபேப்னு சொல்வாங்க. அங்க 300 மில்லிமீட்டர் அகல சிலிக்கான் வட்டத் தகடு, வேஃபர்னு சொல்வாங்க, அது மேல படலம் படிய வைக்கிறது, ஒளியால வடிவம் பதிக்கிறது, தேவையில்லாததை அரிச்சு எடுக்கறது, அயனிகளை உள்ள செலுத்தறது, நடுவுல நடுவுல குறை இருக்கான்னு அளந்து பார்க்கறதுன்னு நூத்துக்கணக்கான படிகள், ஒவ்வொரு படிக்கும் தனி மெஷின். அரிக்கிறதுலயும் படிய வைக்கிறதுலயும் லாம் ரிசர்ச், கிட்டத்தட்ட எல்லாத்துலயும் கை வெச்சிருக்கற அப்ளைடு மெட்டீரியல்ஸ், அளக்கறதுக்கும் குறை கண்டுபிடிக்கறதுக்கும் கேஎல்ஏ, அயனி செலுத்த ஆக்ஸெலிஸ், ஒளிப் பதிப்புக்கு நெதர்லாந்தோட ஏஎஸ்எம்எல். மனுஷ முடியோட தடிமன் எண்பதாயிரம் தொண்ணூறாயிரம் நானோமீட்டர் இருக்கும், இங்க ஒண்ணு ரெண்டு நானோமீட்டர் பிசகினாலே வேஃபர் குப்பைக்குப் போயிடும். அதனால ஒரு ஃபேப் ஒரு படிக்கு ஒரு மெஷினை ஒத்துக்கிட்டா லேசுல மாத்தாது, அந்தத் தலைமுறை சிப் முடியற வரைக்கும் அதே மெஷின்தான், அடுத்தடுத்த ஃபேக்டரிக்கும் அதையே காப்பி பண்ணி வாங்குவாங்க. இந்தத் தேர்வைத்தான் துறைக்குள்ள டூல் ஆஃப் ரெக்கார்டுன்னு சொல்றாங்க. எந்த மெஷின் ஜெயிச்சுதுங்கறது வருமானமா கணக்குல வர்றதுக்கு ஒரு வருஷம் ரெண்டு வருஷம் ஆகும், ஆனா உள்ள இருக்கற ஆளுங்களுக்கு அன்னிக்கே தெரியும்.

அடுத்தது, வாங்கறவங்க எண்ணிக்கை. டிஎஸ்எம்சி, சாம்சங், இன்டெல், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான், அதுக்கப்புறம் சீனாவுல சில கம்பெனிகள், பெரிய ஆர்டர் எல்லாம் இவங்ககிட்ட இருந்துதான். ஒரு கஸ்டமர் "அடுத்த காலாண்டுக்கு வேணாம், ஆறு மாசம் கழிச்சு அனுப்புங்க"ன்னு சொன்னா அந்த ஒரு ஃபோன் காலே மெஷின் கம்பெனியோட காலாண்டைப் புரட்டிப் போட்டுடும். புஷ் அவுட்னு சொல்வாங்க இதை, முன்னாடியே கேட்டா புல் இன். இதெல்லாம் பத்திரிகையில வராது, ஷிப்மென்ட் அட்டவணையில ஒரு வரி நகரும், அவ்ளோதான்.

அந்த ஒரு வரிக்கு என்ன மதிப்புன்னு 2024 அக்டோபர் 15ம் தேதி எல்லாருமே பார்த்தோம். ஏஎஸ்எம்எல் தன்னோட காலாண்டு முடிவை மறுநாள் வெளியிட இருந்துச்சு, ஏதோ தொழில்நுட்பப் பிழையில ஒரு நாள் முன்னாடியே தளத்துல ஏறிடுச்சு. புது ஆர்டர் ஏறக்குறைய 260 கோடி யூரோ, சந்தை எதிர்பார்த்ததோ அதுல ரெண்டு மடங்கு. கூடவே 2025க்கான வருமானக் கணிப்போட மேல் எல்லையை 4,000 கோடி யூரோவுல இருந்து 3,500 கோடியா குறைச்சிருந்தாங்க. அந்த காலாண்டோட விற்பனையும் லாபமும் நல்லாத்தான் இருந்துச்சு, அதை யாரும் திரும்பிக்கூட பார்க்கல, பங்கு அன்னிக்கே 16 சதவீதம் போல விழுந்துச்சு, எனக்கு இதைவிட முக்கியமாப் பட்டது அமெரிக்காவுல நடந்ததுதான், லாம், அப்ளைடு, கேஎல்ஏ மூணும் தங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாமலே பத்து சதவீதத்துக்கு மேல இறங்குச்சு. ஏன்னா கஸ்டமர் அதே ஆளுங்கதான், ஒருத்தர்கிட்ட ஆர்டர் குறைஞ்சா இன்னொருத்தர்கிட்டயும் குறைஞ்சிருக்கும்னு சந்தை கணக்குப் போட்டுச்சு. ஒரு கம்பெனியோட ஆர்டர் புத்தகத்தைப் பார்த்தவங்களுக்கு இன்னும் மூணு கம்பெனியோட பங்கு விலை எந்தப் பக்கம் போகும்னு தெரிஞ்ச மாதிரிதான். இதை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி திரும்பி வருவேன்.

இப்ப ஃபார்ம் 4க்கு வருவோம். வாங்கல் விற்றல் நடந்து ரெண்டு வேலை நாளுக்குள்ள தாக்கல் பண்ணணும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல ஒரே ஒரு எழுத்து இருக்கும், அந்த எழுத்துதான் முக்கியம். "பி"ன்னா (P) தன் காசு போட்டு சந்தையில வாங்கினது, "எஸ்"னா வித்தது, "ஏ"ன்னா கம்பெனி கொடுத்த பங்கு, "எம்"னா ஆப்ஷனையோ (கொடுத்த நாளோட விலைக்கே பின்னாடி பங்கு வாங்கிக்கற உரிமை) ஆர்எஸ்யூவையோ (சில வருஷம் கழிச்சு கைக்கு வர்ற மாதிரி கம்பெனி ஒதுக்கற பங்கு) பங்கா மாத்தினது, "எஃப்"னா வரிக்காக கம்பெனியே பிடிச்சுக்கிட்டது, "ஜி"ன்னா அன்பளிப்பா கொடுத்தது. செய்தி எழுதற மென்பொருள் பல நேரம் எஸ்ஸையும் எஃப்பையும் ஒரே கூடையில போட்டு "விற்றார்"னு எழுதிடுது, நிறைய பேர் ஏமாறறது இங்கதான்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு அதிகாரிக்கு மூணு வருஷத்துக்கு முன்னாடி கொடுத்த 10,000 ஆர்எஸ்யூ இன்னிக்கு அவர் கைக்கு வருதுன்னு வெச்சுக்கோங்க. வந்த நிமிஷமே அது சம்பள வருமானம், வரி கட்டணும், கம்பெனி 4,000 பங்கைப் பிடிச்சு வரிக்கு எடுத்துக்குது, படிவத்துல எஃப். மீதி 6,000 அவர் கணக்குல. அதுல 2,000த்தை ரெண்டு மாசம் கழிச்சு விக்கிறார், எஸ். ரெண்டையும் சேர்த்து "6,000 பங்கை வித்துட்டார்"னு செய்தி வரும். நடந்தது என்னன்னா அவர் கையில இருந்த பங்கு 4,000 கூடியிருக்கு! படிவத்துலயே பரிவர்த்தனைக்கு அப்புறம் கையிருப்பு எவ்ளோன்னு ஒரு கட்டம் இருக்கு, அதைப் பார்த்தா போதும், ஆனா அந்தக் கட்டம் செய்தியில வராது.

இந்தத் துறையில அதிகாரிங்க சம்பளத்துல பெரும்பங்கு பங்காத்தான் வருது. காசா சம்பளம் ஒரு பக்கம் சின்னதா இருக்கும், பங்கு அதைப் போல பல மடங்கு. அதனால வீடு வாங்கணும்னாலும் பிள்ளையை காலேஜ்ல சேர்க்கணும்னாலும் பங்கைத்தான் வித்தாகணும். ஒரே கம்பெனியில வேலையும் சேமிப்பும் மாட்டிட்டு இருக்கறது யாருக்குமே நல்லதில்ல, கொஞ்சம் வித்து வேற இடத்துல போடறது புத்திசாலித்தனம். இதை எல்லாம் கணக்குல எடுக்காம வித்தார் வித்தார்னு கூவறது நியாயமே இல்ல.

ஆனா எஸ் எல்லாமே வெள்ளந்தின்னும் நான் சொல்ல மாட்டேன். இங்கதான் 10பி5-1 திட்டம் வருது. 2000ம் வருஷத்துல எஸ்இசி கொண்டு வந்த விதி இது. உள் தகவல் எதுவும் கையில இல்லாத நேரத்துல "இந்த தேதிகள்ல இத்தனை பங்கு, இந்த விலைக்கு மேல போனா இத்தனை"ன்னு புரோக்கர்கிட்ட எழுதிக் கொடுத்துட்டா, பின்னாடி அந்த தேதி வரும்போது அவருக்கு என்ன தெரிஞ்சிருந்தாலும் பரவால்ல, முடிவு முன்னாடியே எடுத்தது, அதனால தப்பில்ல. எண்ணம் நல்ல எண்ணம்தான். ஓட்டை என்னன்னா, திட்டம் போட்ட மறுநாளே விக்கலாம்னு இருந்துச்சு, ஒரே நேரத்துல பல திட்டம் போட்டு வெச்சுக்கலாம், வேணாம்னா ரத்து பண்ணிக்கலாம். கெட்ட செய்தி வரப் போகுதுன்னு தெரிஞ்ச வாரத்துல திட்டம் போட்டு அடுத்த வாரம் வித்தவங்களும் இருந்தாங்க. 2024 ஜூன்ல ஆன்ட்ராக்னு ஒரு மருத்துவ சேவை கம்பெனியோட செயல் தலைவர் மேல லாஸ் ஏஞ்சலிஸ் நடுவர் குழு குத்தம் உறுதின்னு தீர்ப்பு சொல்லுச்சு, பெரிய கஸ்டமர் ஒருத்தர் கழண்டுக்கப் போறார்னு தெரிஞ்சே 10பி5-1 திட்டம் போட்டு வித்தாருங்கறதுதான் வழக்கு. இந்தத் திட்டத்தையே மறைப்பா பயன்படுத்தினதுக்கு வந்த முதல் கிரிமினல் தண்டனை அது.

அதுக்கு முன்னாடியே, 2022 டிசம்பர்ல, எஸ்இசி விதியை இறுக்கிடுச்சு, 2023 பிப்ரவரில அமலுக்கு வந்துச்சு. இப்ப அதிகாரியோ இயக்குநரோ திட்டம் போட்டா குறைஞ்சது 90 நாள் காத்திருக்கணும், இல்ல அந்த காலாண்டோட முடிவு அறிக்கை தாக்கலாகி ரெண்டு வேலை நாள் ஆகணும், எது பின்னாடி வருதோ அது, ஆனா எப்படியும் 120 நாளைத் தாண்டாது. ஃபார்ம் 4ல 10பி5-1னு ஒரு கட்டம் டிக் பண்ணணும், திட்டம் எந்தத் தேதியில போட்டதுன்னும் சொல்லணும். அன்பளிப்பைக்கூட ரெண்டு நாளுக்குள்ள சொல்லணும்னு ஆக்கிட்டாங்க, முன்னாடி வருஷக் கடைசி வரைக்கும் இழுக்கலாம்.

இது நல்ல மாற்றம்தான், ஆனா மெஷின் கம்பெனிக்கு 90 நாள் போதுமான்னு கேட்டா எனக்கு திருப்தி இல்ல. மத்த தொழில்ல மூணு மாசத்துக்கு முன்னாடி தெரிஞ்ச தகவல் பழசாப் போயிடும், நியாயம். இங்க ஒரு ஃபேப் கட்ட ரெண்டு மூணு வருஷம், மெஷினுக்கு ஆர்டர் பேச்சு டெலிவரிக்கு பல மாசம் முன்னாடியே ஆரம்பிக்கும், எந்த கஸ்டமர் அடுத்த வருஷம் செலவைக் குறைக்கப் போறார்ங்கறது மேல்மட்டத்துல ரெண்டு மூணு காலாண்டுக்கு முன்னாடியே மணம் வீசும். அப்போ 90 நாள் காத்திருந்தாலும் அந்தத் தகவலோட சூடு ஆறியிருக்காது. அதுக்காக திட்டம் போடற எல்லாரையும் சந்தேகப்படணும்னு சொல்லல, அடிக்குறிப்புல இருக்கற தேதியைப் பார்த்துட்டு அந்தத் தேதியில இந்தத் துறை என்ன நிலையில இருந்துச்சுன்னு ஒரு தடவை யோசிங்கன்னுதான் சொல்றேன். உச்சத்துல இருக்கும்போது போட்ட புதுத் திட்டமா, இல்ல வருஷா வருஷம் ஒரே மாசத்துல போடற பழைய பழக்கமா?

தேதிக்கு இவ்ளோ அழுத்தம் கொடுக்கறதுக்கு இந்தத் துறையிலயே ஒரு பழைய கதை இருக்கு. 2002க்கு முன்னாடி ஃபார்ம் 4ஐ அடுத்த மாசம் பத்தாம் தேதிக்குள்ள கொடுத்தா போதும், கம்பெனி கொடுக்கற ஆப்ஷனை நிதியாண்டு முடிஞ்சு 45 நாள் கழிச்சுக்கூட சொல்லலாம். அந்த இடைவெளியில சில கம்பெனிகள் திரும்பிப் பார்த்து பங்கு விலை அடிமட்டத்துல இருந்த ஒரு நாளைப் பொறுக்கி எடுத்து, ஆப்ஷன் அன்னிக்குக் கொடுத்ததுன்னு எழுதி வெச்சுக்கிட்டாங்க. பேக்டேட்டிங்னு 2006ல வெடிச்சுது, சிலிக்கான் வேலில நிறைய கம்பெனிகள் மாட்டுச்சு, அதுல அப்போ கேஎல்ஏ-டென்கார்னு பேரு இருந்த கேஎல்ஏவும் ஒண்ணு. 2007ல எஸ்இசி வழக்குப் போட்டுச்சு, 1997ல இருந்து 2002 வரைக்கும் 20 கோடி டாலருக்கு மேல சம்பளச் செலவை இப்படி மறைச்சாங்கன்னு சொல்லுச்சு, கம்பெனி பழைய கணக்கு எல்லாத்தையும் திருத்தி எழுத வேண்டியதாச்சு. நானோமீட்டர் பிசகாம அளக்கற மெஷின் செய்யற இடத்துல தேதி பிசகியிருக்குங்கறது எனக்கு இன்னும் வருத்தமான விஷயம்தான். என்ரான் கம்பெனியோட கணக்கு மோசடி விவகாரத்துக்கு அப்புறம் வந்த 2002 சார்பேன்ஸ் ஆக்ஸ்லி சட்டம் ரெண்டு நாள்னு இறுக்கினதும்தான் இந்த வேலைக்கு பெரும்பாலும் இடமில்லாம போச்சு. ரெண்டு நாள்ல சொல்லியாகணும்னா போன மாசத்து தேதியை எப்படிப் போடுவீங்க?

சரி, இப்ப நான் முதல்ல சொன்ன இடத்துக்கு வர்றேன். ரகசியம் வேற இடத்துலன்னு சொன்னேன்ல. யோசிச்சுப் பாருங்க, ஷிப்மென்ட் தள்ளிப் போச்சுங்கறது முதல்ல யாருக்குத் தெரியும்? ஃபேப்ல ராத்திரி ஷிஃப்ட்ல நிக்கற சர்வீஸ் இன்ஜினியருக்குத் தெரியும், மெஷின் வைக்க ஒதுக்கின இடம் காலியாவே கிடக்கறதை அவர் கண்ணால பார்க்கறார். அட்டவணை போடற பிளானருக்குத் தெரியும். மெஷினுக்கு வாயுக் குழாய்த் தொகுதி செஞ்சு கொடுக்கற ஐகோர், அல்ட்ரா கிளீன் மாதிரி சப்ளையர் கம்பெனிகள்ல இருக்கறவங்களுக்குத் தெரியும், ஏன்னா இவங்க வருமானத்துல பாதிக்கு மேல லாம், அப்ளைடுன்னு ரெண்டே ரெண்டு கம்பெனிகிட்ட இருந்து வருது, அங்க ஆர்டர் குறைஞ்சா இங்க உடனே தெரிஞ்சிடும். இவங்கள்ல பெரும்பாலானவங்க 16வது பிரிவுல வரவே மாட்டாங்க. ஃபார்ம் 4 எழுத மாட்டாங்க. ஆனா உள் தகவல் சட்டம் இவங்க எல்லார் மேலயும் பாயும், அதிகாரியா இருக்கணும்னு அவசியமே இல்ல, தகவலை ரகசியமா காப்பாத்த வேண்டிய கடமை இருந்தா போதும்.

இந்தத் துறையில மாட்டின பெரிய வழக்குகளை எடுத்துப் பார்த்தா இதுதான் தெரியுது. கேலியன் வழக்கு நம்மள்ல நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும், கொழும்புல பிறந்த தமிழரான ராஜ் ராஜரத்தினம் நடத்தின முதலீட்டு ஃபண்டுதான் கேலியன். அவர் ஃபண்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நீதம் அண்ட் கம்பெனில சிப் துறையைப் பார்த்த அனலிஸ்ட், அந்தத் தொடர்புகள்தான் அவரோட பலம். இன்டெல்ல வேலை பார்த்த ஒருத்தர் இன்டெலோட காலாண்டு விவரத்தைச் சொன்னார், சிப் கம்பெனி ஏஎம்டிக்கு ஆலோசனை கொடுத்துட்டிருந்த மெக்கின்சிக்காரர் 2006ல ஏஎம்டி, ஏடிஐங்கற கிராஃபிக்ஸ் சிப் கம்பெனியை வாங்கப் போறதைச் சொன்னார். 2009 அக்டோபர்ல கைது, 2011 மே மாசம் 14 குற்றச்சாட்டுலயும் குத்தவாளி, அக்டோபர்ல 11 வருஷ சிறை, எஸ்இசி வழக்குல தனியா 9.28 கோடி டாலர் அபராதம். ஃபோனை ஒட்டுக் கேட்டு பதிவு பண்ணினதுதான் அந்த வழக்கோட முதுகெலும்பு. இன்டெல்லோட ஃபார்ம் 4 எல்லாத்தையும் அடுக்கி வெச்சு வருஷக்கணக்கா படிச்சிருந்தாலும் இதுல ஒரு துளிகூட தெரிஞ்சிருக்காது.

ராஜரத்தினம் கைதான அடுத்த வருஷமே, 2010 டிசம்பர்ல, எக்ஸ்பர்ட் நெட்வொர்க் வழக்கு. துறை நிபுணர்களை ஃபண்டு ஆளுங்களோட ஃபோன்ல பேச வெச்சு மணிக்கணக்குக்கு காசு கொடுக்கற பிரைமரி குளோபல் ரிசர்ச்னு ஒரு நிறுவனம். பேசினவங்கள்ல ஏஎம்டிக்காரர், மத்த கம்பெனிகளுக்கு எலக்ட்ரானிக் பொருள் செஞ்சு கொடுக்கற ஃப்ளெக்ஸ்ட்ரானிக்ஸ்காரர், டிஎஸ்எம்சியோட அமெரிக்க கிளைக்காரர் எல்லாம் கைதானாங்க. டிஎஸ்எம்சிக்காரர் கொடுத்தது அங்கே விற்பனையும் ஷிப்மென்டும் எப்படிப் போகுதுங்கற விவரம். எவ்ளோ சாதாரணமா இருக்கு பாருங்க, கம்பெனிக்குள்ள எத்தனையோ பேர் தினமும் பார்க்கற எண்ணா இருக்கும், ஆனா அதுல இருந்து யார் சிப் அதிகம் ஆர்டர் பண்றாங்க, ஃபேப் எவ்ளோ நிறைஞ்சிருக்கு, அடுத்து மெஷின் வாங்குவாங்களா மாட்டாங்களா எல்லாத்தையும் பிடிச்சிடலாம்.

இன்னும் ஒண்ணு, இது புதுசு, மெஷின் துறைக்கு நேரா வந்து அடிக்கக் கூடியது. 2016ல மெடிவேஷன்னு ஒரு மருந்து கம்பெனியை ஃபைசர் வாங்கப் போகுதுன்னு அங்க வேலை பார்த்த ஒரு அதிகாரிக்குத் தெரிஞ்சுது. அவர் தன் கம்பெனி பங்கைத் தொடல, அதே மாதிரி இருக்கற இன்சைட்னு இன்னொரு கம்பெனியோட ஆப்ஷனை வாங்கினார், ஒரு லட்சம் டாலருக்கு மேல லாபம். 2024 ஏப்ரல்ல சான் ஃபிரான்சிஸ்கோ நடுவர் குழு இதுவும் உள் தகவல் வர்த்தகம்தான்னு சொல்லிடுச்சு. ஷேடோ டிரேடிங்னு பேர் வெச்சிருக்காங்க. அந்த அதிகாரி கையெழுத்துப் போட்டிருந்த கம்பெனிக் கொள்கையில மத்த கம்பெனி பங்குகளையும் சேர்த்தே தடை இருந்துச்சுங்கறது அவருக்கு எதிரா போச்சு. இப்ப ஏஎஸ்எம்எல் விழுந்தா லாம் விழற துறையில இதை வெச்சுப் பாருங்க. ஒரு மெஷின் கம்பெனி ஊழியர் தன் கம்பெனி பங்கை ஒழுங்கா விதிப்படி விட்டு வெச்சுட்டு, போட்டிக் கம்பெனியோட புட் ஆப்ஷனை, அதாவது விலை விழுந்தா லாபம் வர்ற ஒப்பந்தத்தை, வாங்கினா? ஃபார்ம் 4ல அது வராது, அது அவர் கம்பெனிப் பங்கு இல்லையே.

அப்போ ஃபார்ம் 4 வேஸ்டா? இல்லவே இல்ல. விற்பனையில சொல்றது கம்மி, வாங்கறதுல சொல்றது அதிகம்னு ஆராய்ச்சிக்காரங்க பல வருஷமா சொல்லிட்டு வர்றாங்க. 2012ல வந்த ஒரு ஆய்வு இன்னும் கூர்மையா பிரிச்சுது, ஒரே மாசத்துல தொடர்ந்து மூணு வருஷம் வாங்கி வித்தவங்களை வழக்கமானவங்கன்னு ஒதுக்கிட்டு மீதி ஆளுங்களை மட்டும் பார்த்தா, பின்னாடி வர்ற விலை மாற்றத்தைச் சொல்ற சேதி எல்லாம் அந்த மீதியிலதான் இருந்துச்சு, வழக்கமானவங்க விக்கறதுலயும் வாங்கறதுலயும் ஒண்ணுமே இல்ல. அதனாலதான் பழக்கமா புதுசான்னு நான் நச்சரிக்கிறேன்.

மெஷின் கம்பெனிகள்ல "பி" ரொம்ப அரிது. இதுக்கு அவங்களுக்கு நம்பிக்கை இல்லன்னு அர்த்தமில்ல, 16வது பிரிவுலயே 16(b)-ன்னு ஒரு உட்பிரிவு இருக்கு, ஆறு மாசத்துக்குள்ள வாங்கி வித்தாலோ வித்துட்டு வாங்கினாலோ அதுல வர்ற லாபம் முழுசையும் கம்பெனிக்கே திருப்பிக் கொடுத்துடணும். உள் தகவல் இருந்துச்சா இல்லையான்னுகூட கேட்க மாட்டாங்க, கணக்கு மட்டும்தான். கம்பெனி கொடுக்கற பங்கு இந்தக் கணக்குல வராது, சந்தையில வாங்கினா வரும். ஒவ்வொரு காலாண்டும் திட்டப்படி வித்துட்டு இருக்கற அதிகாரி, விலை நல்லா விழுந்திருக்கேன்னு ஆசைப்பட்டு வாங்கினா ஆறு மாசத்துக்கு விக்க முடியாம, முன்னாடி வித்ததோட சேர்த்துக் கணக்குப் பார்த்து காசையும் கொடுத்துட்டு நிக்கணும். அப்படியிருந்தும் ஒருத்தர் பி போடறார்னா விக்கற வரிசையை நிறுத்திட்டு வந்து போடறார்னு அர்த்தம், அதுக்கு எடை இருக்கு.

எடை இருக்குன்னு சொன்னாலும் சுழற்சியை மறந்துட்டு படிக்கக் கூடாது. இந்தத் தொழில் ஏறினா வெறித்தனமா ஏறும், இறங்கினா தரையைத் தாண்டி இறங்கும். லாம் ரிசர்ச்சோட வருமானம் 2008 நிதியாண்டுல ஏறக்குறைய 247 கோடி டாலர், அடுத்த வருஷம் 112 கோடி, பாதிக்கும் கீழ. அரசாங்க முடிவு ஒண்ணு வந்தாலும் அதே கதிதான். 2022 அக்டோபர் 7ம் தேதி அமெரிக்கா சீனாவுக்கு மெஷின் ஏத்துமதிக்கு கட்டுப்பாடு போட்டதும் லாம், 2023 வருமானத்துல 200ல இருந்து 250 கோடி டாலர் வரைக்கும் அடிபடும்னு சொல்லுச்சு. சீனா எவ்ளோ பெரிய கஸ்டமர்னா, 2024 ஜனவரில முடிஞ்ச காலாண்டுல அப்ளைடு வருமானத்துல 45 சதவீதம் அங்க இருந்துதான். வாஷிங்டன்ல அடுத்த விதி என்னவா வரும்ங்கறது பெரும்பாலும் சிஇஓவுக்கும் தெரியாது. அதனால அவர் விதிக்கு முன்னாடி வித்திருந்தார்ங்கறதை மட்டும் வெச்சு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்னு கதை கட்டறது தப்பு, அவர் வாங்கினதை வெச்சு நாமளும் குதிக்கறதும் தப்பு.

நேரத்தையும் பாருங்க. காலாண்டு முடியறதுக்கு சில வாரம் முன்னாடியே பெரும்பாலான கம்பெனிகள் அதிகாரிங்களுக்கு ஜன்னலைச் சாத்திடும், அதாவது பங்கு வாங்கவோ விக்கவோ கூடாதுன்னு தடை போட்டுடும், முடிவு வெளியாகி ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சுத்தான் திறக்கும். லாம், கேஎல்ஏ நிதியாண்டு ஜூன்ல முடியுது, அப்ளைடோடது அக்டோபர் கடைசியில. அதனால ஒருத்தருக்கு ஜன்னல் திறக்கற வாரமும் இன்னொருத்தருக்குத் திறக்கற வாரமும் வேற. முடிவு வந்த கையோட நாலஞ்சு ஃபார்ம் 4 கொத்தா வந்தா "எல்லாரும் கூட்டா வெளியேறறாங்க"ன்னு பதறாதீங்க, ஜன்னல் திறந்திருக்கு, அவ்ளோதான்.

நான் ஒரு ஃபார்ம் 4 கையில கிடைச்சா முதல்ல எழுத்தைப் பார்ப்பேன், எஃப் இருந்தா அந்த வரியை விட்டுடுவேன். எஸ்னா அடிக்குறிப்புல திட்டத் தேதி, அப்புறம் மீதிக் கையிருப்பு, அதே ஆளோட போன ரெண்டு மூணு வருஷத்து படிவங்கள். பத்து நிமிஷ வேலை, பெரும்பாலும் அதோட மூடிடலாம். திட்டமே இல்லாம, பழக்கமும் இல்லாம, கையிருப்புல பாதியை ஒருத்தர் ஒரே நாள்ல வித்திருந்தா மட்டும் மூட மாட்டேன், காலாண்டு அறிக்கையை எடுத்து இன்வென்டரி எவ்ளோ ஏறியிருக்கு, கஸ்டமர் முன்பணம் குறைஞ்சிருக்கா, பத்து சதவீதத்துக்கு மேல வாங்கற கஸ்டமர் பட்டியல்ல யாராவது காணாமப் போயிருக்காங்களான்னு பார்க்க உக்காந்துடுவேன்.